நாலு நாள் மழை

நிலையத்து உதவியாளர் இடி, மேசைமேல் கிடந்த மேக வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, சதுரமாகக் கத்தரித்த வெள்ளைத் துணியை அங்கே விரித்தார். பக்கத்துப் பெஞ்சில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே, பிறந்து இருபது நாளான குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல இப்படிக் குறுக்க மடிக்கணும் மேடம். முக்கோணமா வரும். அப்புறம் இந்த நீளப் பக்கத்த ரெண்டு விரல் அகலத்துக்கு உள்ள மடிச்சு விட்டுடுங்க. இல்லன்னா முதுகு வழியா வெளிய வந்துடும்."

எது வெளியே வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பாதிதான் கேட்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் காதுக்கே எட்டாத குரல் அவருக்கு. அதனால்தான் வானிலை நிலையத்தில் எல்லாரும் அவரைக் கேலியாக இடி என்று கூப்பிட்டார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். மூன்றுக்கும் துணி கட்டியது தான்தான் என்று, பரிசு வாங்கிய கதையைச் சொல்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். முக்கோணத்தின் நுனியைக் குழந்தையின் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, இரண்டு பக்கத்தையும் இழுத்து, ஒரு முடிச்சு. முடிச்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார்.

"விரல் போகணும். போனா சரி. போகலன்னா புள்ளைக்கு மூச்சு முட்டும். ரெண்டு விரல் போச்சுன்னா உங்களுக்கு முட்டும்."

மேடம் அவிழ்த்துத் தானே ஒரு தடவை கட்டிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கியதும் துணி மட்டும் மேசையிலேயே கிடந்தது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. அந்த மலையின் வானிலை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லையே என்று அவள் உட்கார்ந்து அழுததும் இல்லை. நிலையத்தை ஒட்டியே குடியிருப்பு. காலையிலும் மதியத்திலும் மாலையிலும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் பார்ப்பாள், மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளப்பாள், தலையை அண்ணாந்து வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று எழுதுவாள். எழுதியதைக் கீழே அனுப்புவாள். அவ்வளவுதான் அவள் உலகம். ஒரு வாரத்துக்கு முன்னால், குழந்தை கைக்கு வந்த அன்றுதான் அவள் நிஜமாக அத்தை ஆனாள்.

தம்பி மனைவிக்குப் பிரசவமான மூன்றாம் நாளே காய்ச்சல் கண்டு, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவள் பக்கத்திலும் தாய் இல்லை, இவர்கள் பக்கத்திலும் இல்லை. பத்து நாள் அங்கும் இங்கும் யார் யார் கையிலோ இருந்த குழந்தையை, பதின்மூன்றாம் நாள் தம்பி ஒரு வாடகைக் காரில் மலையேற்றிக் கொண்டுவந்தான். மூக்கு மட்டும் தெரியும்படி சுற்றியிருந்தான். "அக்கா, நீதான் பாத்துக்கணும்" என்று கையில் வைத்தான். அந்த முகத்தைப் பார்த்ததும், நீயே சாப்பிட்டு எத்தனை நாளாச்சுடா என்று கேட்கத்தான் அவளுக்குத் தோன்றியது. குழந்தைக்குப் பேர் வைத்தாயா என்று கேட்டாள். "அவ எழுந்து வந்து வைக்கட்டும்" என்றான். அவன் இறங்கிப் போன பிறகு, சுற்றிய துணியோடு மடியில் கிடந்ததைப் பார்த்து, "என்ன பொட்டலம்" என்றாள். அதுவே பேராகிவிட்டது.

தம்பி ஒரு பை நிறையக் கடையில் விற்கும் டயபர் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஐந்தாறு நாளில் பொட்டலத்தின் தொடை இடுக்கெல்லாம் தக்காளித் தோல்போல் சிவந்து, தொட்டாலே வீறிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்துவிட்டு, "காத்து படணும்மா. கொஞ்ச நாளைக்குத் துணியக் கட்டுங்க. பழைய துணியா இருந்தா இன்னும் நல்லது, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிருக்கும்" என்றாள். வீட்டில் பழைய துணி என்று பார்த்தால் அவளுடைய படுக்கை விரிப்புகள்தான். எல்லாம் வெள்ளைப் பருத்தி. இத்தனை வருஷம் தான் ஒருத்தியாகப் படுத்து எழுந்த நாலு விரிப்புகளைத் தரையில் போட்டு அத்தை கத்தரித்தாள். இருபத்தெட்டுச் சதுரம் கிடைத்தது. நடுவில் வைக்கும் திண்டுக்கு இன்னும் கொஞ்சம் சிறிய துண்டுகள். அதைப் பாதியாக மடித்து, அதைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் எட்டு அடுக்கு. எட்டுப் பங்கும் மூடிய வானம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அதற்கு மேலும் கசிந்தது.

மூன்று நாளில் கை பழகியது. ஐந்தாம் நாள் சிவப்பு வடிந்தது. பத்தாம் நாள் நர்ஸ், "இனிமே நீங்க கடை டயபரே போடலாம்மா, கஷ்டப்படாதீங்க" என்றாள். அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்து, மீதமிருந்த டயபர் பையை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள்.

ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வேலை ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு வாளியில் அலசி, இன்னொன்றில் ஊறவைத்து, கொதிநீரில் போட்டு, குச்சியால் புரட்டி, பிழிந்து, உதறி. கை விரல் நுனிகள் எல்லா நேரமும் சுருங்கியே இருந்தன. ஆனால் துணி வந்தபின் குழந்தை அவளோடு பேச ஆரம்பித்ததுபோல் இருந்தது. கடை டயபரில் அது எப்போது போனது, எவ்வளவு போனது என்று ஒன்றும் தெரியாது, ஊமை மூட்டை. துணியில் எல்லாம் உடனே தெரிந்தது. நனைவதற்குக் கொஞ்சம் முன்னால் பொட்டலம் ஒரு நொடி அசையாமல் நின்று, தூரத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல் கண்ணை அகல விரிக்கும். மேகம் உடைவதற்கு முன் காற்று நிற்பதுபோல. பிறகு அத்தையின் முழங்கை சூடாகும். "சொல்லிட்டுத்தான் போவீங்களோ" என்பாள் அத்தை.

அளவு பார்க்கப் போகும்போதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று உலர்ந்தது. மற்றதன் அடிக்குமிழுக்கு எப்போதும் ஒரு துண்டு ஈரத்துணி கட்டியிருக்க வேண்டும். அதை வைத்துத்தான் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் துணியை மாற்றிக் கட்டியிருக்கிறாள். ஒரு நாள் அதைக் குழந்தைக்குக் காட்டி, "பாரு, உனக்கு முன்னாடி நான் இவனுக்குத்தான் கட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போக மனமில்லாமல் மூலையில் நின்றது. இருபத்தெட்டுத் துணியும் ஈரம். சமையலறைக் கொடி, கதவின் மேல், நாற்காலி முதுகு, எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. தொட்டால் ஜில்லென்றது. அயர்ன் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒன்றொன்றாக ஆவி பறக்கக் காயவைத்தாள். அப்போதுதான் இடி, "பழைய பலூன் கொட்டகை சும்மாத்தானே மேடம் கிடக்கு" என்றார்.

உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று அறியப் பலூன் விடுவதற்காக முன்பு கட்டிய கொட்டகை அது. புதியது கட்டிய பிறகு பழையதைப் பூட்டிவைத்திருந்தார்கள். உள்ளே மூன்று ஆள் உயரத்துக்குக் கூரை. தகரச் சுவர். மேலே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். மழையிலும் அங்கே ஏதோ ஒரு வெளிச்சம் இருந்தது. இடி ஏணி போட்டு ஏறி, சுவருக்குச் சுவர் ஏழு கயிறு கட்டினார். கீழே அத்தை ஒரு மின்சார அடுப்பையும் மின்விசிறியையும் வைத்தாள். இருபத்தெட்டுத் துணியும் உயரத்தில் மெல்ல ஆடின.

மதிய வேளைகளில் அத்தை அங்கேயே ஒரு பாயை விரித்துக் குழந்தையோடு படுத்தாள். கிட்டத்தட்ட ஒரு மாதமாக முழுத் தூக்கம் இல்லாததால் கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் கனவு என்று ஆகியிருந்தது. தகரக் கூரையில் மழை. தலைக்கு மேல் வெள்ளைத் துணிகள், மெல்ல, ஒன்று நகர்ந்தால் அடுத்தது நகர்ந்து. குழந்தை கீழிருந்து அவற்றையே பார்த்துக் கொண்டிருக்கும். அதற்கு இதுதான் வானம் என்று தோன்றியிருக்கும். ஒரு மதியம் அத்தைக்கு, தாங்கள் படுத்திருக்கும் பாய் தரையைவிட்டு எழும்புவதுபோல் இருந்தது. அவள் பயப்படவில்லை. பலூனைக் கையிலிருந்து விடும்போது அது கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் பிறகு ஒரே போக்காகப் போகுமே, அப்படித்தான் அவர்களும் போனார்கள். கூரை இல்லை. துணிகள் பக்கத்தில் மிதந்துவந்தன. கீழே நிலையம், வெள்ளைப் பெட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் இடி. இன்னும் கீழே, எங்கேயோ, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம். அதன் ஒரு ஜன்னலில் யாரோ நின்றார்கள். அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டாம் என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விழித்தபோது குழந்தை அவள் விரலைப் பிடித்திருந்தது. பாய் நனைந்திருந்தது.

மறுநாள் அலுவலக அறையில் இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, அவளுக்கு எல்லாம் சரியாயிடுச்சுக்கா. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க. நேரா அங்க வந்து புள்ளைய எடுத்துட்டுப் போயிடறோம். மழைதான் யோசனையா இருக்கு. ரோடு எப்படி இருக்கு? நாளைக்குக் கிளம்பலாமா?"

அத்தையின் கண் தானாகச் சுவரில் இருந்த காற்றழுத்தமானிக்குப் போனது. காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது முள். மேற்கே மேகத்தின் ஓரம் கிழிந்து, அதன் வழியே கத்தியால் கீறியதுபோல் ஒரு நீலக் கோடு. நாளை வெயில். அதற்கு ஒரு வானிலைக்காரி வேண்டியதில்லை.

"இன்னும் நாலு நாளைக்கு மழை இருக்குடா" என்றாள். "வழியில மண்ணு வேற சரியுது. நோயாளிய வச்சுக்கிட்டு ஏன்? வானம் வெறிச்சப்புறம் நானே சொல்றேன்."

"சரிக்கா. நீ சொன்னா சரி" என்றான் தம்பி.

பொய் தடுமாறாமல் வந்திருந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எதிர் மேசையில் இடி மழைமானிக் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மறுநாள் வானத்தை எட்டாகப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு துண்டு மேகம் இல்லை. மலை முழுதும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் மின்னியது. அத்தை எல்லாத் துணியையும் கொட்டகையிலிருந்து இறக்கி, மறுபடி துவைத்து, நிலையத்துப் புல்வெளியில் கட்டினாள். ஒரு மணி நேரத்தில் மொறுமொறு என்று காய்ந்தன. காய்ந்த துணியை முகத்தில் வைத்தால் வெயிலுக்கு என்று ஒரு வாசனை இருப்பது தெரிந்தது. குழந்தைக்குத் துணியே கட்டாமல் புல்லில் ஒரு விரிப்பில் போட்டாள். அது தன் கையைத் தானே கண்டுபிடித்து, வாய்க்குக் கொண்டுபோய்த் தவறவிட்டு, மறுபடி கொண்டுபோனது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தது. வாயுவுக்குச் சிரிப்பது இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்காக.

அந்தச் சிரிப்பு வேறொருத்திக்குச் சேரவேண்டியது என்று அவளுக்குத் தெரிந்தது. திருடிய மாம்பழம் இனிக்கத்தான் இனித்தது. இரண்டு நாள் அப்படிப் போயின. இரண்டு நாளும் வெயில், துணி, சிரிப்பு, மதியத் தூக்கம். ஆனால் கொட்டகையில் படுத்தால் பாய் தரையைவிட்டு எழும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை அளவு பார்த்துவிட்டு அலுவலகத்துக்குள் வந்தபோது, மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன அவள் போனை இடி இரண்டு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க தம்பி ரெண்டு தடவ கூப்பிட்டாரு மேடம். பேரு வந்துச்சு. நான் எடுக்கல."

"எடுத்திருக்கலாமே."

இடி பேனாவை மூடினார். "எடுத்தா, அங்க மழை எப்படின்னு கேப்பாரு. நான் உள்ளதத்தான் சொல்லணும். அதான் எடுக்கல."

அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் எதையும் அளக்காமல் வானத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "கிளம்பி வாங்கடா. வெறிச்சிடுச்சு" என்றாள்.

மறுநாள் மதியம் கார் வந்தது. தம்பி மனைவி இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போன வருஷம் பார்த்தபோது கன்னம் தளும்பச் சிரித்த பெண். இப்போது அவள் சட்டைக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது. தம்பி பைகளை எடுத்துவர, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை குழந்தையை நீட்டினாள். அவள் உடனே கை நீட்டவில்லை.

"அண்ணி, நான் உக்காந்துக்கறேன். அப்புறம் குடுங்க. நின்னா விழுந்துடுவேனோன்னு இருக்கு."

உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் குழந்தையை வைத்தாள் அத்தை. குழந்தை புதிய முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு அழுதது, நிறுத்தாமல், அத்தை இருந்த பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி. தம்பி மனைவி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சூடான பாத்திரத்தைப் பிடித்ததுபோல் விரல்களை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தையின் உடம்பு முழுவதும் முன்னால் போகப் பார்த்தது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வாங்கினால் ஒரு நொடியில் அழுகை நின்றுவிடும். நின்றுவிடும் என்பதால்தான் வாங்கக் கூடாது.

அப்போது அழுகை தானாக நின்றது. குழந்தை அசையாமல் கண்ணை விரித்தது.

"நனைக்கப் போகுது. குடும்மா, மாத்திடறேன்" என்று அத்தை ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் தம்பி மனைவியின் மடி நனைந்துவிட்டது. வெளிர்நிறப் பாவாடையில் ஈரம் மெல்லப் பரவி, தொடை வழியாக இறங்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"சூடா இருக்கு அண்ணி" என்றாள்.

"குடு, கட்டி விடறேன்."

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்." விரித்திருந்த விரல்கள் மூடின. குழந்தையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். "அங்க எனக்கு எல்லாம் குழாய் வழியாத்தான். ஊசி, மருந்து, எல்லாம் ஜில்லுனு. வந்த பாலையும் வேணாம்னு நிறுத்திட்டாங்க. எனக்குன்னு சூடா ஒண்ணும் நடக்கல."

தம்பி பையோடு வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு, காரில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அத்தை தரையில் உட்கார்ந்தாள். கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"நாலு நாள் மழைன்னு சொன்னேனே," என்றாள். "மழை இல்ல. மறுநாளே வெறிச்சிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

தம்பி மனைவி குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வந்து நாலு நாளைக்கு மழையாம்னு சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு அண்ணி," என்றாள். "வர பயமா இருந்துச்சு. இப்படி அழுவும்னு தெரியும். மழை பத்து நாள் பெய்யட்டும்னு வேண்டிக்கிட்டேன். பெத்தவ நினைக்கற நினைப்பா அது?"

அத்தை எழுந்து, மேசையில் துணியை விரித்து, முக்கோணமாக மடித்து, நீளப் பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே திருப்பிவிட்டாள். குழந்தையைத் தாயே தூக்கி அதன்மேல் கிடத்தினாள். தாயே நுனியை எடுத்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"விரல விட்டுப் பாரு" என்றாள் அத்தை. "ஒண்ணு போகணும்."

ஒன்று போனது.

அன்றைக்கு அவர்கள் அங்கேயே தங்கினார்கள். குழந்தை இன்னும் இரண்டு தடவை தாயிடம் அழுதது, மூன்றாவது தடவை சும்மா முறைத்துப் பார்த்தது. மறுநாள் காலை அத்தை துணிகளை அடுக்கிக் கட்டினாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கை ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் அடுக்கில் வைத்தாள். கடைசியாகத் துவைத்த இரண்டு மட்டும் இன்னும் ஈரமாக இருந்தன.

"அதையும் குடுங்க அண்ணி. வழியிலயே காஞ்சிடும்" என்றாள் தம்பி மனைவி. காரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு துணிகளின் முனையையும் ஜன்னல் கண்ணாடியில் கொடுத்துக் கண்ணாடியை ஏற்றினாள். துணி வெளியே தொங்கியது. தம்பி, "ஊரே பாக்கும்" என்றான். "பாக்கட்டும்" என்றாள். உள்ளே அவள் மடியில் பொட்டலம் தூங்கிக்கொண்டிருந்தது.

கார் கேட்டைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியது. அத்தை வேலியோரம் வந்து நின்றாள். முதல் வளைவில் மறைந்து, இரண்டாவது வளைவில் மறுபடி தெரிந்தது. இரண்டு வெள்ளைத் துணிகளும் எழும்பி, நேராக நீண்டு, படபடவென்று அடித்துக்கொண்டன. பழக்க தோஷத்தில் அவள் உதடு அசைந்தது: வடக்கிலிருந்து, நல்ல வேகம். பிறகுதான் பக்கத்தில் நின்ற மரங்களைப் பார்த்தாள். ஓர் இலைகூட ஆடவில்லை. காற்றே இல்லை, அது கார் போகும் வேகம். மூன்றாவது வளைவில், பள்ளத்தாக்கின் பச்சைக்கு நடுவே, துணிகள் மட்டும் தெரிந்தன. ஒன்று கண்ணாடியில் கொஞ்சம் நழுவி, இன்னும் விழாமல், ஒற்றை முனையில் பறந்துகொண்டிருந்தது.